கையெழுத்து இல்லாத ஒப்பந்தம்

கரையான்சாவடியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் பெரியவர் திருகோணமலைக்காரர். 1990இல் படகேறி வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு முகாமுக்கு வெளியே தங்க அனுமதி வாங்கிச் சென்னைக்கு வந்தவர். காவல் நிலையப் பதிவு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், பழைய ரேஷன் அட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். அந்த உறையின் அடியில் ஒரு ஜெராக்ஸ் கட்டு. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனேயும் கையெழுத்திட்ட இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் தமிழாக்கம். மடிப்புகளில் எழுத்து உதிர்ந்திருக்கிறது. ஓரிடத்தில் நீலப் பேனாவால் அழுத்தமாக ஒரு கோடு.

“தம்பி, நீங்கள் எழுதுற ஆள். இதில எங்கட ஆக்களின்ர கையெழுத்து எங்க கிடக்கெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.”

எங்கும் கிடையாது. இரண்டு அரசுகளின் கையெழுத்து மட்டுமே இருக்கிறது. யாருடைய மண்ணையும் மொழியையும் உயிரையும் பற்றி அந்தத் தாள் பேசுகிறதோ, அவர்கள் சார்பில் ஒருவர்கூட அதில் ஒப்பமிடவில்லை.

அந்தப் பெரியவரின் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் பூந்தமல்லி தனி நீதிமன்றம். ராஜீவ் காந்தி கொலை வழக்கு தடா சட்டத்தின் கீழ் இங்கேதான் மூடிய அறையில் நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்குத் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. மறு ஆண்டு மே 11இல் உச்ச நீதிமன்றம், இந்த வழக்குக்குத் தடா பொருந்தாது என்று சொல்லி, கொலைக் குற்றத்திலிருந்து 19 பேரை விடுவித்தது. இலங்கைத் தமிழர்களை வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் அடைத்து வைத்த சிறப்பு முகாமும் இதே பூந்தமல்லியில் இருந்தது. அம்பத்தூர், ஆவடி, போரூர் பக்கம் வீடு பிடித்துத் தங்கிய ஈழத் தமிழர் பலருக்குச் சட்டம் என்றால் இந்த மதில்சுவர்தான். சட்டத்துக்கு வேறொரு முகமும் உண்டு. சண்டையை நிறுத்தவும், ஒப்பந்தம் எழுதவும், புதிய அரசியலமைப்பை வரையவும் இரு தரப்புக்கும் துணை நிற்கும் முகம் அது. இவர்கள் விஷயத்தில் அந்த முகம் எப்போது வந்தது, யாருக்கு உதவியது, எங்கே கைவிட்டது என்பதுதான் என் கேள்வி.

உள்நாட்டுப் போரிலிருந்து வெளியே வரும் நாடுகளுக்குச் சட்ட உதவி செய்வதற்கென்றே கடந்த முப்பது ஆண்டுகளில் ஒரு துறை உருவாகியிருக்கிறது. ஸ்டாக்ஹோமில் 1995இல் தொடங்கிய சர்வதேச ஜனநாயக, தேர்தல் உதவி நிறுவனம் அரசியலமைப்பு உருவாக்கத்துக்கு உதவுகிறது. ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் மாக்ஸ் பிளாங்க் அறக்கட்டளை இருக்கிறது. ஐ.நா. 2008இல் அமைத்த மத்தியஸ்த வல்லுநர் குழுவில் அரசியலமைப்பு வல்லுநர்களும் இடம்பெற்றார்கள். இவர்கள் எல்லாம் பேச்சுவார்த்தைக்கு உதவுகிறவர்கள், எந்தத் தரப்புக்கும் வக்கீல் அல்ல. பால் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1995இல் சேர்ந்து தொடங்கிய சட்டக் குழு வேறு வகை. மேசையின் ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கட்டணம் வாங்காமல் ஆலோசனை சொல்கிறது. போஸ்னியப் போரை முடித்த டேட்டன் பேச்சில் போஸ்னியத் தரப்புக்கு அவர் ஆலோசகராக இருந்தார்.

நடுநிலை என்ற சொல்லை நாம் முதல் வகைக்கு மட்டுமே கொடுத்துப் பழகிவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பக்கம் சட்டத்துறைத் தலைவரும் வெளியுறவு அமைச்சகமும், மறுபக்கம் காட்டிலிருந்து வந்தவர்கள். அந்த மேசையில் இருவரையும் ஒரே தூரத்தில் வைப்பது பலமுள்ளவருக்குச் செய்யும் உதவியாகவே முடிகிறது. பலவீனமான தரப்புக்குத் தான் கையெழுத்திடப் போகும் வாசகம் நாளை நீதிமன்றத்தில் எப்படி வாசிக்கப்படும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். மேசையைச் சமமாக்குகிறவரே நடுநிலையாளர்.

இலங்கைக்கு வல்லுநர்கள் கிடைக்காமல் போகவில்லை. வரைவுகளுக்கும் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு ஒப்பந்தமும் முறிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தால், அங்கே சட்டத்தின் ஒரு தையல் பிரிந்திருக்கிறது. அரசியல் துணிவு போதவில்லை, இனவாதம் தடுத்தது என்று சொல்வது உண்மைதான். ஆனால் பிரியப் போகும் தையல் எது என்று கையெழுத்துக்கு முந்தைய நாளே ஒரு நல்ல சட்டத்தரணியால் சொல்லியிருக்க முடியும்.

முதல் ஒப்பந்தத்தை எழுதியவரே பேர்பெற்ற சட்டத்தரணி. எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1957 ஜூலை 26இல் பிரதமர் பண்டாரநாயக்காவோடு செய்த உடன்பாடு பிரதேச சபைகளைத் தருவதாகச் சொன்னது. ஒரு தலைவரின் வாக்குறுதியைத் தவிர அதற்குப் பின்னால் வேறெதுவும் இல்லை. 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள், ஒப்பந்தம் கிழிந்தது. 1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்காவோடு செய்த இரண்டாவது ஒப்பந்தமும் சட்டமாகாமலே போனது. இரண்டுக்கும் நடுவே, 1964 அக்டோபர் 30இல், இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் மலையகத் தமிழர்களை எண்ணிப் பங்கிட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அதிலும் அந்த மக்களின் கையெழுத்து இல்லை.

1983 ஜூலையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு இந்தியா உள்ளே வந்தது. இந்தியாவின் தூதராக ஜி. பார்த்தசாரதி கொழும்புக்கும் டெல்லிக்கும் அலைந்து தயாரித்த யோசனைகள் ‘இணைப்பு சி’ என்று பெயர் பெற்றன. 1985இல் திம்புவில் ஆறு தமிழ் அமைப்புகள் நான்கு கோட்பாடுகளை முன்வைத்தன. எதிரே அரசுத் தூதுக்குழுவுக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருந்தவர் ஜனாதிபதியின் தம்பி, கொழும்பின் முன்னணி வழக்கறிஞர் எச்.டபிள்யூ. ஜெயவர்த்தனே. ஒரு பக்கம் கோட்பாடு பேசியது, மறுபக்கம் சட்டவாசகம் பேசியது. இந்தியா நல்ல எண்ணத்தோடு வந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் இந்தியாவுக்குத் தனக்கென்று தேவைகள் இருந்தன. 1987 ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகமும் எண்ணெய்க் குதங்களும் வெளிநாட்டு வானொலிகளும் இடம்பெற்றன. தீர்வுக்குத் தானே உத்தரவாதம் என்று அதே ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்த நாடு, மூன்று மாதம் முடிவதற்குள் அந்த மண்ணில் போரிடும் படையாக மாறியது.

அந்த ஒப்பந்தத்திலிருந்து பிறந்த 13வது திருத்தத்தைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். நம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையைப் போலவே அதிலும் மூன்று பட்டியல்கள்: மாகாணத்துக்கு ஒன்று, மத்திக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று. அம்பத்தூரில் பி.எல். படிக்கும் பையன்கூட அடையாளம் கண்டுகொள்வான். மாகாணப் பட்டியலில் காவல் இருக்கிறது, காணி இருக்கிறது, கல்வி இருக்கிறது. மத்தியின் பட்டியலைத் திறந்தால் அங்கே ‘எல்லா விடயங்கள் குறித்தும் தேசியக் கொள்கை’ என்று ஒரு பதிவு. எல்லா விடயங்களும்! முதல் பட்டியலில் கொடுத்த எதையும் இந்த ஒரு பதிவின் வழியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். காணி மாகாணத்துக்கு என்று எழுதி, பின்னிணைப்பில் அரசக் காணி குடியரசுக்கே உரியது என்று எழுதினார்கள். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. நாடு ஒற்றையாட்சி என்ற பிரிவு தொடப்படவே இல்லை. தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம், சிவசிதம்பரம், சம்பந்தன் மூவரும் 1987 அக்டோபரில் ராஜீவ் காந்திக்குக் கடிதம் எழுதி இந்தக் குறைகளை எடுத்துச் சொன்னார்கள். வரைவு ஏற்கனவே முடிந்திருந்தது.

இலங்கை உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரே ஒருவரின் முடிவால்தான் அந்தத் திருத்தம் பொதுவாக்கெடுப்புக்குப் போகாமல் தப்பியது. 1987 நவம்பர் 14இல் சட்டமானது. வடக்கையும் கிழக்கையும் இணைக்கத் தமிழ்ப் போராளிகளின் ஆயுத ஒப்படைப்பு நிபந்தனையாக இருந்தது. அது நிறைவேறாதபோது, அவசரகால விதி ஒன்றின் மூலம் நிபந்தனையைத் தளர்த்தி இணைப்பை அறிவித்தார் ஜெயவர்த்தனே. பதினெட்டு ஆண்டு கழித்து, 2006 அக்டோபர் 16 அன்று, அவசரகால விதியால் ஒரு சட்டத்தின் நிபந்தனையை இப்படி மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் இணைப்பையே செல்லாததாக்கியது. சட்டக் கண்ணோடு பார்த்தால் அந்தத் தீர்ப்பில் குறை சொல்வது எளிதல்ல. குறை 1988இல், அவசரத்தில், குறுக்கு வழியில் எழுதப்பட்ட தாளில் இருக்கிறது. அன்று பக்கத்தில் யாராவது நின்று, ‘இந்தத் தையல் தாங்காது’ என்று சொல்லியிருக்க வேண்டும்.

வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டம்பர் 21இல் நடந்தது. 38 இடங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பிடித்தது. ஐந்தே நாளில், செப்டம்பர் 26 அன்று, அரசக் காணி அதிகாரம் மத்திக்கே என்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்த்தது. 1987இன் பின்னிணைப்பு வேலை செய்தது.

நார்வேயின் முயற்சிதான் நடுநிலைச் சட்ட உதவி என்று முழு அர்த்தத்தில் சொல்லத்தக்கது. அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 2002 பிப்ரவரி 22 போர்நிறுத்த உடன்படிக்கை, ஐந்து நார்டிக் நாடுகளின் கண்காணிப்புக் குழு, ஆறு சுற்றுப் பேச்சு. அந்த ஆண்டு டிசம்பரில் ஒஸ்லோவில் இரு தரப்பும் ஒன்றுபட்ட இலங்கைக்குள் சமஷ்டித் தீர்வை ஆராய ஒத்துக்கொண்டன. கனடாவைத் தளமாகக் கொண்ட சமஷ்டிகள் மன்றம் உதவிக்கு வந்தது. மனித உரிமைகளுக்கு ஒரு வழித்திட்டம் தர இயன் மார்ட்டின் வந்தார். புலிகளுக்கு நியூயார்க் வழக்கறிஞர் ருத்ரகுமாரன் சட்ட ஆலோசகராக இருந்தார். அவர்கள் பாரிஸில் வல்லுநர்களைக் கூட்டி விவாதித்து, 2003 அக்டோபர் 31இல் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான வரைவைக் கையளித்தார்கள். பலவீனமான தரப்புக்கும் சட்டத் துணை கிடைத்த காலம் அது.

ஆனால் அடிப்படையிலேயே ஒரு விரிசல் இருந்தது. போர்நிறுத்தத்தில் அரசின் சார்பில் கையெழுத்திட்டவர் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க. முப்படைகளின் தலைவர் என்று அரசியலமைப்பு சொல்வது ஜனாதிபதியை. ஜனாதிபதி சந்திரிகா எதிர்க்கட்சிக்காரர். புலிகளின் வரைவு வெளியான நான்காம் நாள், நவம்பர் 4 அன்று, பாதுகாப்பு உள்பட மூன்று அமைச்சுகளை அவர் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். முன்பே நின்றிருந்த பேச்சை மீண்டும் தொடங்கும் வாய்ப்பும் அப்போதைக்கு அத்தோடு போனது. சுனாமிக்குப் பின் உதவிகளைப் பங்கிட 2005 ஜூன் 24இல் அரசும் புலிகளும் போட்ட பொதுக்கட்டமைப்பு உடன்பாட்டுக்கு மூன்று வாரத்தில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததும், ஒன்றியத்து நாடுகளான சுவீடன், டென்மார்க், பின்லாந்தின் கண்காணிப்பாளர்கள் வெளியேற நேர்ந்தது. 2008 ஜனவரியில் அரசு உடன்படிக்கையிலிருந்து விலகியது. 2009 மே மாதம் என்ன நடந்தது என்பதை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. கரையான்சாவடிப் பெரியவரின் தங்கை குடும்பத்தைப் பற்றி அதன் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

நார்வே தன் தோல்வியைத் தானே ஆராயச் சொல்லி, 2011இல் அந்த மதிப்பீட்டை வெளிப்படையாகப் பிரசுரித்தது. தன் பங்கைப் பற்றி இந்தியா அப்படி ஒன்றை இதுவரை செய்யவில்லை. செய்திருக்க வேண்டும்.

உள்நாட்டிலேயே பிறந்த ஒரு முயற்சியும் உண்டு. நீலன் திருச்செல்வம் கொழும்பில் இனத்துவ ஆய்வுகளுக்கான சர்வதேச நிலையத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1995இல் அமைச்சர் ஜி.எல். பீரிஸோடு சேர்ந்து அவர் எழுதிய யோசனைகள் இலங்கையைப் பிராந்தியங்களின் ஒன்றியம் என்றன. அதுவரை எந்த அரசும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. 1999 ஜூலை 29 அன்று கொழும்பில் ஒரு தற்கொலைக் குண்டுதாரி அவரைக் கொன்றார். புலிகளே செய்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட உண்மை. மறு ஆண்டு ஆகஸ்டில், நீர்த்துப்போன வடிவத்தில் அந்த வரைவு நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பிரதிகளை அவையிலேயே எரித்தார்கள். எழுதியவரை ஒரு பக்கம் கொன்றது, எழுதியதை மறுபக்கம் எரித்தது. இந்தக் கதையில் என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியாத இடம் இது.

மொழி பற்றிச் சொல்லாவிட்டால் தமிழில் இந்தக் கட்டுரை எழுதுவதில் பொருளில்லை. நாம் கூட்டாட்சி என்பதை அவர்கள் சமஷ்டி என்கிறார்கள். 1949இல் செல்வநாயகம் தொடங்கிய கட்சியின் பெயர் ஆங்கிலத்தில் சமஷ்டிக் கட்சி, தமிழில் தமிழரசுக் கட்சி. ஆங்கிலத்தில் படித்தவருக்கு அதிகாரப் பகிர்வு கேட்டது, தமிழ்ப் பெயரை மொழிபெயர்த்தவருக்குத் தனி அரசு கேட்டது. இந்தக் குழப்பம் அறுபத்தெட்டு ஆண்டு உயிரோடு இருந்தது. அந்தக் கட்சி பிரிவினை கேட்கிறது என்று தொடுத்த வழக்கில், சமஷ்டி போன்ற சொற்களின் பொருளையெல்லாம் எடைபோட்டு, சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 4இல் சொன்னது. அதற்கு அடுத்த மாதமே புதிய அரசியலமைப்பை வரைய அமைக்கப்பட்ட அரசியலமைப்புப் பேரவையின் வழிநடத்தற் குழு தன் இடைக்கால அறிக்கையை வெளியிட்டது. நாட்டின் இயல்பைச் சொல்ல ஆங்கில வார்த்தையே வேண்டாம் என்று விட்டுவிட்டு, சிங்களத்தில் ‘ஏக்கிய ராஜ்ய’ என்றும் தமிழில் ‘ஒருமித்த நாடு’ என்றும் எழுதலாம் என்றது. சிங்களச் சொல் ஒற்றையாட்சிக்குக் காலங்காலமாகப் பழகிய சொல். தமிழ்ச் சொல்லில் ஒற்றையாட்சி இல்லை, பலர் சேர்ந்து ஒன்றாவது இருக்கிறது. சொந்த மொழியில் வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் ஆறுதல் தரும் வாசகம். நல்ல மனத்தோடுதான் செய்தார்கள் என்று நம்புகிறேன். ஆனாலும் ஒரு வழக்கு வந்தால் நீதிபதி எந்த மொழியில் வாசிப்பார்? வரைவில் மறைத்த கருத்து வேறுபாடு அந்த நாளில் வெளியே வந்தே தீரும். வேறுபாட்டைச் சொற்களுக்குள் ஒளித்துவைக்கத் துணை போவதைவிட, அதை மேசையில் வைக்கச் செய்வதே சட்ட உதவியின் கடமை. 2018 அக்டோபரில் ஆட்சி நெருக்கடி வந்தது, பேரவையின் வேலை அங்கேயே நின்றது.

மற்ற நாடுகளில் எது நிலைத்தது என்று தேடினால், வெளியாள் எழுதிக் கொடுத்தது நிலைக்கவில்லை, அல்லது நிலைத்தும் முடமாக்கியது என்பதே தெரிகிறது. போஸ்னியாவின் அரசியலமைப்பு 1995 டேட்டன் ஒப்பந்தத்தின் நான்காவது இணைப்பு. ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, மக்கள் வாக்களித்து ஏற்றதும் இல்லை. ஜனாதிபதி பதவிக்கு மூன்று இனத்தார் மட்டுமே நிற்கலாம். ஒரு யூதரும் ஒரு ரோமா இனத்தவரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போய் 2009இல் வென்றார்கள். தீர்ப்பு வந்து பத்தாண்டு தாண்டியும் வாசகம் மாறவில்லை. தென்னாப்பிரிக்கா வேறு பாதை போனது. முதலில் 34 கோட்பாடுகளில் ஒத்துக்கொண்டார்கள். பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட அவை எழுதிய அரசியலமைப்பு அந்தக் கோட்பாடுகளோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் பொறுப்பைப் புதிய அரசியலமைப்பு நீதிமன்றத்திடம் விட்டார்கள். 1996 செப்டம்பரில் நீதிமன்றம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பியது. மண்டேலாவின் கட்சி அதை ஏற்றுத் திருத்தியது. டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. நடுநிலைச் சட்டத்துக்கு இதைவிட உயர்ந்த எடுத்துக்காட்டை நான் படித்ததில்லை. கென்யாவில் 2010 அரசியலமைப்பைச் சீர்செய்த ஒன்பது பேர் வல்லுநர் குழுவில் மூவர் தென்னாப்பிரிக்கா, ஜாம்பியா, உகாண்டாவிலிருந்து வந்த அயல்நாட்டார். வெளியாட்கள் உள்ளே இருந்தார்கள், பெரும்பான்மையாக இல்லை.

இலங்கைக்கு நெருங்கிய உறவு பிலிப்பைன்ஸ். அங்கும் மோரோ முஸ்லிம்களோடு அரசு செய்த நிலவுரிமை உடன்பாட்டை 2008 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 8க்கு 7 என்ற கணக்கில் தூக்கி எறிந்தது. சண்டையும் மூண்டது. ஆனால் அவர்கள் தீர்ப்பைப் பாடமாகப் படித்தார்கள். அடுத்த சுற்றில் சட்டம் தெரிந்தவர்களைப் பேச்சுக்கு முன்னிறுத்தினார்கள், நீதிமன்றம் கேட்கக்கூடிய கேள்விகளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். 2014இல் ஒப்பந்தம், 2018இல் சட்டம், 2019இல் மக்கள் வாக்கெடுப்பு. இலங்கையில் 2005இலும் 2006இலும் வந்த அடிகளை யாரும் இப்படிப் பாடமாகப் படிக்கவில்லை.

நேபாளத்தின் பெயரை எழுதும்போது எனக்கு ஒரு வருத்தம். அங்கே ஐ.நா. பணிக்குத் தலைமை தாங்கியவர் இலங்கைக்கு வந்து போன அதே இயன் மார்ட்டின். அரசியலமைப்பு ஆலோசகராகப் போனவர்களில் கொழும்பின் ரோஹன் எதிரிசிங்கவும் ஒருவர். 601 பேர் அவை ஒருமுறை தோற்று, மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டு, 2015 செப்டம்பர் 20இல் ஒரு அரசியலமைப்பைக் கொடுத்தது. தெற்குச் சமவெளியின் மதேசி மக்களுக்கு அதில் நியாயமான குறைகள் உண்டு. இருந்தாலும் நேபாளத்தில் ஒரு கூட்டாட்சி பிறந்துவிட்டது. இலங்கை சேர்த்து வைத்த அறிவு வேறொரு நாட்டுக்குப் பயன்பட்டது.

இனி நம் ஊருக்குத் திரும்புகிறேன். 2021 கணக்குப்படி தமிழ்நாட்டு முகாம்களில் 58,000 பேருக்கு மேல் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே சுமார் 34,000 பேர். அந்த ஆண்டுதான் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது தமிழக அரசு. செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இவர்களின் பிறப்புப் பதிவு, கல்வி, நாடு திரும்பல் போன்றவற்றைப் பல்லாண்டாகப் பார்த்து வருகிறது. சமாதானத்துக்கான சட்ட உதவி என்று பேசுகிறவர்கள் இந்த வேலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை நாளை எந்த நாட்டின் வாக்காளர்? 1999இல் கிழக்குத் திமோர் வாக்கெடுப்பில் அயல்நாடுகளில் இருந்த திமோர்க்காரர்களும் வாக்களிக்க ஐ.நா. ஏற்பாடு செய்தது. 2011இல் தென் சூடான் மக்கள் எட்டு அயல்நாடுகளில் வாக்களித்தார்கள். இலங்கைச் சட்டத்தில் வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இன்றும் வழியில்லை. புதிய அரசியலமைப்பு நாளையே பொதுவாக்கெடுப்புக்கு வந்தாலும் கும்மிடிப்பூண்டி முகாமில் இருப்பவர் வானொலியில் முடிவைக் கேட்கலாம், அவ்வளவுதான். இதற்கு ஒரு சட்டவழி வரைந்து இரு அரசுகளின் முன்னும் வைக்கச் சென்னையில் சட்டத்தரணிகளுக்கா பஞ்சம்?

போன மாதம் பெரியவரின் ஜெராக்ஸைக் கையில் வாங்கி, அந்த நீலக் கோட்டைப் பார்த்தேன். வடக்கோடு இணைந்திருக்க விருப்பமா என்று கிழக்கு மாகாண மக்களைக் கேட்க 1988 டிசம்பர் 31க்குள் வாக்கெடுப்பு நடக்கும் என்கிறது ஒப்பந்தம். அந்த வாக்கெடுப்பு ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்பத் தள்ளிப் போடப்பட்டு, நடக்காமலே போனது. கோடு இருந்தது அதற்கு அடுத்த பிரிவில். இன வன்முறையால் இடம்பெயர்ந்த எல்லோருக்கும் அந்த வாக்கெடுப்பில் வாக்குரிமை உண்டு, அவர்கள் திரும்பி வருவதற்கான சூழ்நிலை உருவாக்கப்படும்.

“இதில என்னையும் சொல்லியிருக்கு, தம்பி” என்றார். தாள்களை மடித்து, காவல் நிலையப் பதிவுக்கு அடியில் பழையபடி வைத்தார்.